"மார்ஜ்" யாரோட விமானம்? போர் விமானத்துல எழுதின பேர்களைப் பத்தி கொஞ்சம் விரிவா

கேள்வி இதுதான். 2024ல பப்புவா நியூ கினியா காட்டுக்குள்ள "மார்ஜ்"ங்கற அமெரிக்கப் போர் விமானத்தோட சிதைவு கிடைச்சுதுன்னும், அது ரிச்சர்ட் பாங் ஓட்டினதுன்னும் செய்தி வந்துச்சு, ஆனா அதே செய்தில அவர் கலிஃபோர்னியாவுல செத்தார்னு இருக்கு, அப்ப காட்டுல விழுந்தது யாரு, அரசாங்க விமானத்துல காதலி பேரை எழுத எப்படி விட்டாங்க, பைலட்டுக்கு ஒண்ணுன்னு சொந்தமா கொடுத்தாங்களான்னு கேட்டிருக்கீங்க. எல்லாத்துக்கும் அடியில இருக்கற விஷயம் ஒண்ணுதான்: பேர் பைலட்டோடது, விமானம் அவரோடது இல்ல. இது புரிஞ்சா மத்தது எல்லாம் தானா விளங்கிடும், அதனால பாங் கதையில இருந்தே ஆரம்பிக்கறேன்.

ரிச்சர்ட் பாங் 1920 செப்டம்பர்ல பிறந்தவர், விஸ்கான்சின் மாகாணத்துல பாப்ளர்ங்கற சின்ன ஊர்ல விவசாயக் குடும்பம், அப்பா ஸ்வீடன்ல இருந்து வந்தவர். 1942 டிசம்பர் கடைசியில நியூ கினியாவுல புனா பக்கம் முதல் ரெண்டு ஜப்பானிய விமானத்தை வீழ்த்தினார், 1944 டிசம்பர்ல நாற்பதாவது. அமெரிக்கால இன்னிக்கு வரைக்கும் அந்த எண்ணிக்கையை யாரும் தாண்டல. இத்தனைக்கும் தன்னோட குறி அவ்வளவு துல்லியம் இல்லன்னு அவரே சொல்லிட்டு இருந்தார், அதனாலதான் எதிரிக்கு ரொம்பக் கிட்டப் போயி சுடறது அவர் வழக்கம். அவர் ஓட்டின பி-38 லைட்னிங்குக்கு ரெண்டு இன்ஜின், ரெண்டும் தனித்தனி உடம்புல, நடுவுல பைலட் உட்கார்ற கூடு, அந்தக் கூட்டோட மூக்குல நாலு மெஷின் கன்னும் ஒரு 20 மி.மீ. பீரங்கியும் ஒண்ணா அடுக்கி இருக்கும். சிறகுல துப்பாக்கி வெச்ச விமானம்னா குண்டுங்க ஒரு குறிப்பிட்ட தூரத்துலதான் ஒண்ணு சேரும், இதுல நேரா ஒரே கோட்டுல போகும். கிட்டப் போய் அடிக்கறவருக்கு இதை விடப் பொருத்தமான விமானம் கிடையாது. மூக்குல ப்ரொப்பெல்லர் இல்லாததால பக்கவாட்டுல பெரிய தட்டையான இடமும் கிடைச்சுது, படம் வரையறதுக்குன்னே விட்ட சுவர் மாதிரி.

1943 கடைசியில லீவுல ஊருக்குப் போனப்ப, தான் முன்னாடி படிச்ச சுப்பீரியர் ஊர் ஆசிரியர் கல்லூரியில ஒரு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தாங்க. அங்கதான் மார்ஜரி வாட்டன்டால் அறிமுகம், அதே கல்லூரியில படிச்சிட்டு இருந்த பொண்ணு. திரும்பி நியூ கினியா போறப்ப அவளோட போட்டோ கையோட போச்சு. 1944 ஆரம்பத்துல புதுசா ஒரு பி-38ஜே அவருக்கு ஒதுக்கினாங்க, வர்ணம் அடிக்காத பளபளன்னு வெள்ளி மாதிரி இருக்கற உலோகம். மத்தவங்க மாதிரி ஆர்ட்டிஸ்ட்டைக் கூப்பிட்டு வரையச் சொல்லல பாங், அந்தப் போட்டோவையே பெருசா எடுத்து, வர்ணம் பூசி, விமானத்தோட மூக்குல ஒட்டி, மழை வெயில்ல போகாம இருக்க மேல வார்னிஷ் அடிச்சு, பக்கத்துல "மார்ஜ்"னு பேர் எழுத வெச்சார். அந்தக் காலத்து விமான மூக்குல பெரும்பாலும் அரைகுறை உடையில பொண்ணுங்க படம்தான் இருக்கும். இது அப்படி இல்ல, ஒரு கல்லூரிப் பொண்ணோட பட்டமளிப்புப் போட்டோ, அதுவும் தென் பசிபிக் சேறுல. பத்திரிகைக்காரங்க விடுவாங்களா, படம் அமெரிக்கா பூரா போயிடுச்சு, மார்ஜரி முகம் நாட்டுக்கே தெரிஞ்ச முகமாயிடுச்சு.

இப்ப முக்கியமான இடம். அந்த மார்ஜை பாங் ஓட்டினது ரொம்பக் கொஞ்ச நாள்தான், நாற்பது வெற்றியில வெகு சிலதுதான் அதுல கிடைச்சது. 1944 மார்ச் 24ஆம் தேதி அதை எடுத்துட்டுப் போனது வேற ஒருத்தர், தாமஸ் மலோன்ங்கற இளம் லெஃப்டினன்ட், வானிலை பார்த்துட்டு வர்ற வேலை. வழியில இன்ஜின் கோளாறு, விமானத்தைக் கட்டுப்படுத்த முடியல, அவர் பாராசூட்ல குதிச்சு உயிர் தப்பிட்டார், மார்ஜ் காட்டுக்குள்ள போய் விழுந்துச்சு. சுட்டு வீழ்த்தப்படல, சண்டையும் இல்ல. அந்த நேரத்துல பாங் அதுல இல்லவே இல்ல. அடுத்த மாசம், ஏப்ரல்ல, முதல் உலகப் போர்ல எடி ரிக்கன்பேக்கர் வெச்சிருந்த 26ங்கற பழைய அமெரிக்க சாதனையை பாங் தாண்டினார், அதுவும் வேற விமானத்துல. அதைத் தாண்டறவனுக்கு ஒரு பெட்டி ஸ்காட்ச்னு முன்னாடியே பேச்சு இருந்துச்சு, பாங் குடிக்காதவர், ஊர்ல மதுவுக்கு எதிரா இருந்தவங்களும் சத்தம் போட்டாங்க, கடைசியில அவருக்குப் போனது கோககோலா.

சரி, ஏன் பாங்குக்கு ஒதுக்கின விமானத்தை இன்னொருத்தர் எடுத்துட்டுப் போறார்? ஸ்குவாட்ரன், அதாவது ஒண்ணா இயங்கற விமானப் பிரிவு, எப்படி நடக்கும்னு பார்த்தா புரியும். ஒரு ஸ்குவாட்ரன்ல பைலட்டுங்க எண்ணிக்கை விமான எண்ணிக்கையை விட அதிகமா இருக்கும், ஏன்னா ஒருத்தன் உடம்பு சரியில்லாம இருப்பான், ஒருத்தன் லீவுல இருப்பான், விமானம் சும்மா நிக்கக் கூடாது. சீனியர்களுக்கு ஒரு விமானம் பேருக்கு ஒதுக்குவாங்க, கேனபிக்குக் (பைலட் தலைக்கு மேல இருக்கற கண்ணாடி மூடி) கீழ பைலட் பேரும், விமானத்தைப் பார்த்துக்கற க்ரூ சீஃப் பேரும், துப்பாக்கியைப் பார்த்துக்கற ஆர்மரர் பேரும் சின்ன எழுத்துல எழுதுவாங்க. ஆனா அந்த பைலட் அன்னிக்குப் பறக்கலன்னா போர்டுல யார் பேர் வருதோ அவங்க எடுத்துட்டுப் போவாங்க. அதே மாதிரி அவரோட விமானம் ரிப்பேர்ல இருந்தா அவர் வேற ஒருத்தரோட விமானத்துல ஏறுவார், அதுல வேற ஒருத்தரோட பொண்டாட்டி பேர் எழுதியிருக்கும். உண்மையைச் சொன்னா விமானத்துக்கு ஓனர்னு யாராவது இருந்தா அது க்ரூ சீஃப்தான். பைலட் மாறுவான், சீஃப் அதே விமானத்தோடயே இருப்பார், ராத்திரி பூரா இன்ஜின் மாத்திட்டு காலையில அதை அனுப்பி வெச்சுட்டு அது திரும்பி வர்ற வரைக்கும் ஓடுபாதை ஓரத்துல நின்னுட்டு இருப்பார்.

இதுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் பட் ஆண்டர்சன். அமெரிக்காவோட 357ஆவது ஃபைட்டர் குரூப், இங்கிலாந்துல லேஸ்டன்ல இருந்து பி-51 மஸ்டாங் போர் விமானம் ஓட்டினவர், 116 தடவை சண்டைக்குப் போயிட்டு வந்தவர், 2024 மே மாசம் 102 வயசுல காலமானார். அவர் விமானத்தோட பேர் "ஓல்ட் க்ரோ". குடிக்காதவங்க கேட்டா பறவைங்கள்ல புத்திசாலி காக்காதானே அதனாலன்னு சொல்லுவாராம், குடிக்கறவங்களுக்கு அது ஒரு மலிவு விஸ்கி பேருன்னு சொல்லாமயே தெரியும். அந்த விமானம் முதல்ல பச்சை வர்ணத்துல இருந்துச்சு. குளிர்காலம் வந்து தரையெல்லாம் பனி மூடினதும், இந்தப் பச்சை பனி மேல பளிச்சுன்னு தெரியுமே, வெறும் உலோகமா இருந்தா நல்லா இருக்கும்னு தன் க்ரூ சீஃப் ஓட்டோ ஹைனோகிட்ட பேச்சுவாக்குல சொன்னார், எப்ப நேரம் கிடைக்குதோ அப்ப பண்ணலாம்ங்கற மாதிரி. மறுநாள் காலையில வந்து பார்த்தா விமானம் வெள்ளியா நிக்குது. ஹைனோவும் கூட இருந்தவங்களும் ராத்திரி பூரா பெட்ரோல்ல துணியை நனைச்சு நனைச்சுத் தேய்ச்சு வர்ணத்தை எடுத்திருக்காங்க, கை எல்லாம் தோல் உரிஞ்சு சிவந்து போய். அந்தக் குளிர்ல பெட்ரோல்ல நனைச்ச கை எப்படி எரியும்னு நினைச்சுப் பாருங்க. ஆண்டர்சன் ஆயுசு பூரா இதைச் சொல்லிட்டே இருந்தார். அந்த ஹைனோ போருக்கப்புறம் மண்பாண்டக் கலையில அமெரிக்காவுலயே பெரிய பேர் வாங்கினவர், அதே கைதான். விமானத்துல எழுதின பேர்னு பேசறப்ப எல்லாரும் காதலி பேரைத்தான் பார்ப்பாங்க, கேனபிக்குக் கீழ சின்னதா இருக்கற அந்த க்ரூ சீஃப் பேரையும் நான் பார்ப்பேன்.

அதே லேஸ்டன்ல, அதே குரூப்ல இருந்தவர்தான் சக் யேகர். அவர் கல்யாணம் பண்ணிக்கப் போற க்ளெனிஸ் பேர்ல "க்ளாமரஸ் க்ளென்". இங்க பாருங்க, பேர் எப்படி விமானம் விட்டு விமானம் தாவுதுன்னு. முதல் பி-51பி வந்து, அப்புறம் ரெண்டாவது, மூணாவது. 1944 அக்டோபர் 12ஆம் தேதி ஒரே நாள்ல அஞ்சு ஜெர்மன் விமானம், அதுல ரெண்டுக்கு அவர் ஒரு குண்டு கூட செலவு பண்ணல, இவர் பின்னால வர்றதைப் பார்த்து ஒருத்தன் பதறித் திரும்பி தன் ஜோடி விமானத்து மேலயே போய் மோதிட்டான். யேகர் ஊருக்குப் போனதும் அந்த மூணாவது க்ளென் இன்னொரு பைலட்டுக்குப் போச்சு, அந்தப் பேரை அழிச்சுட்டு தான் வெச்ச வேற பேரை எழுதிக்கிட்டார், 1945 மார்ச்ல அது சண்டையில போயிடுச்சு. உலோகம் போயிடுச்சு, பேர் போகல. 1947 அக்டோபர் 14ஆம் தேதி ஒலியோட வேகத்தைத் தாண்டின எக்ஸ்-1 ராக்கெட் விமானத்தோட மூக்குல "க்ளாமரஸ் க்ளெனிஸ்"னு முழுப் பேராவே எழுதினார். இப்ப வாஷிங்டன்ல விமான, விண்வெளி மியூசியத்துல தொங்கறது அதுதான்.

எல்லாம் பொண்டாட்டி பேர்தான்னு நினைச்சுடாதீங்க. ராபின் ஓல்ட்ஸ்ங்கற இன்னொரு அமெரிக்க பைலட்டோட விமானங்கள் எல்லாத்துலயும் "ஸ்கேட்"னு இருக்கும், அது வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில அவர் ரூம்மேட்டோட செல்லப்பேர், கண் பார்வை சரியில்லாததால பைலட் ஆக முடியாமப் போனவர். நண்பன் பறக்கலன்னா என்ன, அவன் பேர் பறக்கட்டும்னு ரெண்டாம் உலகப்போர்ல ஸ்கேட்னு ஆரம்பிச்சு ரெண்டு மூணுன்னு நம்பர் போட்டுக்கிட்டே போயி, இருபது வருஷத்துக்கு அப்புறம் வியட்நாம்ல ஃபேன்டம் ஜெட்டுல "ஸ்கேட் 27" வரைக்கும் கொண்டு வந்துட்டார். எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் ரொம்பப் பிடிச்ச பேர் இதுதான். காதலி பேரை எழுதறது இளவயசு வேகம்னு வெச்சுக்கலாம், இருபது வருஷம் ஒரு சினேகிதனை விடாம தூக்கிட்டுப் போறது வேற.

பாங்குக்கு அடுத்த இடத்துல 38 வெற்றியோட இருந்த தாமஸ் மக்வயர் தன் மனைவி மாரிலினோட செல்லப்பேரை "பட்ஜி"ன்னு எழுதி அஞ்சாவது வரைக்கும் போனார். 1945 ஜனவரி 7ஆம் தேதி பிலிப்பைன்ஸ்ல நீக்ரோஸ் தீவு மேல தாழ்வா நடந்த சண்டையில, வெளியில மாட்டின எரிபொருள் டேங்க்கைக் கழட்டி விடாமயே ரொம்ப நெருக்கமா திருப்பப் போய் விமானம் நிலைகுலைஞ்சு விழுந்து செத்தார். அன்னிக்கு அவர் ஓட்டினது பட்ஜி இல்ல, இன்னொருத்தரோட விமானம்.

அனுமதி எப்படின்னு கேட்டீங்க. அமெரிக்க ராணுவ விமானப்படை இதைத் தாராளமா விட்டுது, வீட்டை விட்டு பத்தாயிரம் மைல் தள்ளி இருக்கற இருபது வயசுப் பசங்களுக்கு இது ஒரு தெம்புன்னு அதிகாரிங்களுக்குத் தெரியும். 1944 ஆகஸ்ட்ல ஒரு விதி கொண்டு வந்தாங்க, அதுவும் படம் கண்ணியமா இருக்கணும்னுதான், எழுதவே கூடாதுன்னு இல்ல. அமெரிக்கக் கடற்படை இதுல கறாரு, கப்பல்ல விமானம் எல்லாருக்கும் பொது, எது கையில கிடைக்குதோ அதுல ஏறணும், தனிப் பேர் ரொம்ப அரிது. பிரிட்டன்ல விங் கமாண்டர் ரேங்க்ல இருக்கறவங்க ஸ்குவாட்ரன் எழுத்துக்குப் பதிலா தன் இனிஷியலைப் போட்டுக்கலாம், ஜானி ஜான்சனோட ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துல அவரோட இனிஷியல்தான் இருக்கும். ஜெர்மன்காரங்கள்ல எரிக் ஹார்ட்மன் 352 விமானம் வீழ்த்தினவர், உலகத்துலயே அதிகம், அவர் விமானத்துல ஒரு சிவப்பு இதயம் வரைஞ்சு அதுக்குள்ள காதலி ஊர்சுலாவோட செல்லப்பேர் "ஊஷ்". மூக்குல கருப்பு இதழ் மாதிரி ஒரு வடிவமும் போட்டிருந்தார், அதைப் பார்த்தாலே சோவியத் பைலட்டுங்க விலகிப் போக ஆரம்பிச்சதால அதை அழிச்சுட்டார். அடையாளம் வெச்சுக்கறதுல இப்படி ஒரு சிக்கலும் உண்டு.

பணம் கொடுத்தவங்க பேரை எழுதற வழக்கம் தனி. 1940ல பிரிட்டன்ல ஒரு ஸ்பிட்ஃபயர் விலை 5000 பவுண்டுன்னு நிர்ணயிச்சு, கொடுக்கறவங்க பேரை விமானத்துல எழுதறோம்னு நிதி திரட்டினாங்க, உண்மையான செலவு அதை விட ரொம்ப ஜாஸ்தி. நம்ம பக்கத்துப் பேரும் இதுல இருக்கு: இங்கிருந்து போன நன்கொடையால பிரிட்டிஷ் விமானப்படையில 79, 234, 264ன்னு மூணு ஸ்குவாட்ரனுக்கு "மெட்ராஸ் பிரசிடென்சி"ங்கற பேர் சேர்ந்துச்சு. 79 பின்னாடி இந்தியா வந்து பர்மா போர்முனையில சண்டையும் போட்டுது. குண்டு வீசற விமானங்கள் வெச்சிருந்த 102ஆவது ஸ்குவாட்ரனுக்கு "சிலோன்"னு பேர்.

ஆனா இந்த வகையில ரஷ்யாவுல சரடோவ் பக்கத்துக் கதைக்கு ஈடு கிடையாது. ஃபெராபோன்ட் கொலவாட்டின்னு ஒரு கூட்டுப்பண்ணை விவசாயி, தேனீ வளர்க்கறவர், 1942 டிசம்பர்ல ஸ்டாலின்கிராட் சண்டை நடந்துட்டு இருக்கறப்ப தேன் வித்த காசு, சேமிப்பு எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் ரூபிளோட போய் எனக்கு ஒரு விமானம் வேணும்னு நின்னார். யாக்-1 போர் விமானம் ஒண்ணு வாங்கி, தன் ஊர்ப் பக்கத்து மேஜர் போரிஸ் யெரேமின்கிட்ட கொடுத்தார். விமானத்தோட உடம்புல யாருக்கு, எந்தப் பண்ணையில இருந்து, யார் கொடுத்ததுன்னு ரெண்டு பேரும் எழுதியிருக்கும், கொடுத்தவர் பேரும் ஓட்டறவர் பேரும். யெரேமின் அதை ஓட்டி ஓட்டி அது தேஞ்சு போனதும் 1944ல கொலவாட்டி இன்னொரு விமானம் வாங்கிக் கொடுத்தார். முதல் விமானம் இன்னிக்கும் சரடோவ் மியூசியத்துல இருக்கு. நான் சொன்ன விதிக்கு இது ஒரு விதிவிலக்கு, இங்க விமானம் நிஜமாவே ஒரு ஆளுக்குன்னு கொடுத்தது.

பாங்கோட முடிவுக்கு வர்றேன், அதையும் கேட்டிருந்தீங்க. 1944 டிசம்பர்ல பிலிப்பைன்ஸ் லெய்ட்டி தீவுல டாக்லோபன் விமானத்தளத்துல ஜெனரல் மெக்ஆர்தர் கையால அமெரிக்காவோட உச்ச வீர விருதான மெடல் ஆஃப் ஆனர். நாற்பதாவதுக்கு அப்புறம், இவன் செத்தா நாட்டுக்கே அடின்னு அங்க விமானப்படைக்குத் தலைவரா இருந்த ஜெனரல் கென்னி கட்டாயப்படுத்தி ஊருக்கு அனுப்பிட்டார். 1945 பிப்ரவரி 10ஆம் தேதி சுப்பீரியர்ல மார்ஜரியோட கல்யாணம். அப்புறம் கலிஃபோர்னியாவுல லாக்ஹீட் கம்பெனியோட பி-80 ஜெட் விமானத்தைச் சோதனை பண்ற வேலை. ஆகஸ்ட் 6ஆம் தேதி பர்பேங்க்ல கிளம்பின உடனே எரிபொருள் பம்ப் வேலை செய்யல, அதுக்கு உதவிக்குன்னு வெச்சிருந்த துணை பம்பும் ஓடல, கேனபியைத் திறந்து வெளிய வந்துட்டார், ஆனா பாராசூட் விரிய உயரம் போதல. 24 வயசு. ஹிரோஷிமாவுல குண்டு விழுந்த செய்தியோட சேர்ந்து அதே பத்திரிகைப் பக்கத்துல இவர் சாவும் வந்துச்சு. சண்டையில நாற்பது பேரை ஜெயிச்சு வந்தவனை பத்திரமா இருக்கட்டும்னு அனுப்பின இடத்துல பறிகொடுத்தது எத்தனை தடவை படிச்சாலும் மனசு ஆறாது. மார்ஜரிக்கு அப்ப 21. பின்னாடி வேற வாழ்க்கை அமைச்சுக்கிட்டு ரொம்ப வருஷம் இதைப் பத்தி வெளிய பேசாமலே இருந்தாங்க. டுலூத்துக்கும் சுப்பீரியருக்கும் நடுவுல 1985ல கட்டின பாலத்துக்கு பாங் பேர் வெச்சப்பதான் திரும்ப வந்தாங்க, அப்புறம் அந்த ஊர்ல அவர் பேர்ல நினைவு மையம் அமையறதுக்கு உழைச்சாங்க, 2003ல காலமானாங்க.

2024ல கிடைச்ச சிதைவு அதே மார்ஜ்தான்னு எப்படி உறுதி பண்ணாங்கன்னா, மடாங் மாகாணத்துக் காட்டுல ரெண்டு இன்ஜினும் மண்ணுல புதைஞ்சு கிடந்துச்சு, சிறகு நுனியில சிவப்பு வர்ணம் இருந்துச்சு, அங்கயே "993"னு எண்ணும் பி-38ன்னு மாடல் குறியும் தெரிஞ்சுது. மார்ஜோட முழு எண் 42-103993. போட்டோ ஒட்டின மூக்கு எல்லாம் எதிர்பார்க்காதீங்க, அந்த வேகத்துல விழுந்தா அதெல்லாம் மிஞ்சாது. அந்த நாட்டுல போர்க்கால எச்சங்கள் அரசாங்கச் சொத்து, நினைச்சா தூக்கிட்டு வந்துட முடியாது.

சுப்பீரியர் நினைவு மையத்துல மார்ஜரி போட்டோவோட பளபளன்னு நிக்கற பி-38 அதனால வேற விமானம், அதுவும் நிஜ லைட்னிங்தான், நாற்பது வருஷம் கிட்ட பாப்ளர் ஊர்ல வெளிய நினைவுச் சின்னமா நின்னுட்டு அப்புறம் புதுப்பிச்சு மார்ஜ் மாதிரி வர்ணம் அடிச்சது. நெட்டுல கலர்ல வர்ற மார்ஜ் படங்கள்ல நிறைய இதுதான், 1944ல எடுத்த அசல் படம் கருப்பு வெள்ளையில மூக்குக்குப் பக்கத்துல பாங் நின்னுட்டு இருக்கறது.